அடி வாங்குவது வேறு பறவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்தில் கழுகுகள் பெருகிவிட்டனவாம், கோழிக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சுவதில்லையாம். கூடு இருக்கும் மரங்களை வெட்டி அவற்றை விரட்ட வேண்டும் என்று முடித்திருந்தார். கூடவே, கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையின் படத்தையும் போட்டிருந்தீர்கள். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் கோழி உண்டு. ஆனால் படத்தில் இருக்கிற பறவைக்கும் குஞ்சு போனதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் இந்தப் பக்கத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதே பிழைப்பாக இருந்தது. அந்தக் கம்பத்தில்தான் பருந்துகளும் உட்காரும். அதனால் இவற்றைக் கவனிக்க நான் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. பைனாகுலர் கைக்கு வந்ததெல்லாம் ஓய்வுக்கு அப்புறம்தான்.

படத்தில் இருப்பது கருந்தோள் பருந்து. காக்கையைவிடச் சற்றுச் சின்னது, எடை கால் கிலோ அளவுதான். தலையும் நெஞ்சும் வெள்ளை, முதுகு சாம்பல், தோளில் மட்டும் மை பூசியதுபோலக் கறுப்புப் பட்டை. கண் ரத்தச் சிவப்பு. கம்பியில் உட்கார்ந்தால் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்தி சாய்கிற நேரத்தில் வயலுக்கு மேலே ஒரே இடத்தில் றெக்கையை அடித்தபடி நிற்கும். அப்புறம் றெக்கையைத் தூக்கிப் பிடித்து, காலைத் தொங்கவிட்டு, படிப்படியாக இறங்கும். கீழே இருப்பது பெரும்பாலும் எலிதான். எலி கிடைக்காத நாளில் வெட்டுக்கிளி, ஓணான்.

வெறும் வாய்ப்பேச்சு என்று அந்த வாசகர் நினைத்துவிடக் கூடாது. இது வழக்கமாக உட்காரும் கம்பத்தின் அடியில் தேடினால் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். செரிக்காததையெல்லாம் பருந்து வாய் வழியாகக் கக்கிப் போடுவது அது. எச்சம் என்று நினைத்து ஒதுங்கிப் போக வேண்டாம். காய்ந்ததும் நாற்றம் இருக்காது. ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தால் முழுக்க எலி மயிர், நடுவே துண்டு துண்டாகத் தாடை எலும்பு, அதில் ஆரஞ்சு நிறத்தில் வளைந்த முன்பல். புதுவயல் ரோட்டுக் கம்பங்களின் அடியில் நான் பிரித்துப் பார்த்த உருண்டைகளில் கோழி இறகு அகப்பட்டதில்லை. நெல் அறுப்பு முடிந்த வயல்களும் அரிசி ஆலைகளும் நிறைந்த ஊர்ப்பக்கம் இது. இங்கே அந்தப் பறவை சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கிறது.

சரி, குஞ்சைத் தூக்குவது யார்? பறவைகளில் பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று கள்ளப்பருந்து. உடம்பெல்லாம் மங்கிய பழுப்பு, வால் நுனி நடுவில் உள்வாங்கி இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். கறிக்கடைப் பக்கமும் குப்பை கொட்டும் இடத்திலும் சுற்றும். பறக்கும்போது அந்த வாலைத் திருப்பித் திருப்பித் திசை மாற்றும். மற்றது வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். புறா அளவுதான், ஆனால் ஆள் மகா துணிச்சல். ஆண் பறவைக்கு முதுகு நீலச் சாம்பல், நெஞ்சில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். பெண் அதைவிடப் பெரியது, நிறம் பழுப்பாக இருக்கும். நாலைந்து தடவை சடசடவென்று றெக்கை அடித்து, கொஞ்சம் வழுக்கி, மறுபடியும் அடித்து என்று மரத்துக்கு மரம் தாழ்வாகப் பறக்கும். இதன் வழக்கமான இரை ஓணான், பல்லி, அணில், சிட்டு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டு வேம்பில் உட்கார்ந்துகொண்டு அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். குஞ்சு தனியாக மேய்ந்தால் அதையும் விடாது.

வானத்தில் உயரே வட்டமிடுவதைப் பார்த்துக் கல்லெடுக்கும் நேரத்தில், வைரி வேலியைத் தாண்டி வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கும். மேலே பார்ப்பதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தினாலோ, தாய்க்கோழி இழுத்து ஒரு குரல் கொடுத்துக் குஞ்சுகளைப் புதருக்குள் கூப்பிட்டாலோ வைரி பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, கத்தினால் மட்டும் யோசிக்க வேண்டும். வைரி மாதிரியே குரல் கொடுத்து மற்றப் பறவைகளைக் கலைத்துவிடுகிற குறும்பு அதற்கு உண்டு.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். பிள்ளையார்பட்டியோ குன்றக்குடியோ, எங்கே கும்பாபிஷேகம் என்றாலும் கலசத்தில் நீர் சேர்க்கும் நேரத்தில் கருடன் வட்டமிடுகிறதா என்று கூட்டமே அண்ணாந்து பார்க்கும். கண்டதும் ஆச்சிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது செம்பருந்து: வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கண்மாயில் மீன், நண்டு, தவளை, கரையில் ஒதுங்கிச் செத்தது என்று சாப்பிடும். ஆனால் பிறக்கும்போதே அந்த நிறத்தில் பிறப்பதில்லை. இளம் பறவை பழுப்பாக, கள்ளப்பருந்து மாதிரியே இருக்கும். முழு நிறம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். கோயிலில் கும்பிட்டு வந்த அதே கை, வீட்டில் கருடன் குஞ்சின்மேல் கல் விடுகிறது. வேறுபாடு வாலில் இருக்கிறது. செம்பருந்தின் வால் நுனி, இளசானாலும் கிழடானாலும், விசிறி மாதிரி வளைந்திருக்கும். பிளவு இருக்காது.

நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத் தெரியும். வால் நுனி எப்படி, றெக்கையை மட்டமாக வைக்கிறதா தூக்கிப் பிடிக்கிறதா, நின்ற இடத்திலேயே அடிக்கிறதா, இந்த மூன்றைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கார்த்திகை, மார்கழியில் செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கிறதே, அந்தத் திறந்தவெளியை ஒட்டி. ரோட்டில் நின்றபடியே பார்க்கலாம். பூனைப்பருந்துகள் புல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், றெக்கையை வி வடிவத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து போகும். பெண் பறவைக்கு வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து, பங்குனிக்குள் திரும்பிவிடுகிற விருந்தாளிகள் இவை. இரவில் மரத்தில் தங்காது, புல்தரையிலேயே படுக்கும். இங்கே வெட்டுக்கிளியைத் தின்று வயிறு வளர்க்கிற இவற்றின்மேலும் குஞ்சுத் திருட்டுப் பழி உண்டு. தாழப் பறப்பதுதான் இவை செய்த குற்றம்.

உண்மையான கழுகும் நம் பக்கம் உண்டு. வயிற்றுப் பக்கம் வெளுத்த, பெரிய தலையுள்ள பாம்புக் கழுகு, வெயில் ஏறிய பிறகு பொட்டல் மேலே காற்றில் தொங்கும். பாம்புதான் இதன் முதல் சாப்பாடு. இதையும் விரட்டிவிட்டு, வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவோம்.

இனி, குஞ்சைக் காப்பாற்ற என்ன வழி என்று அந்த வாசகர் கேட்கலாம். எங்கள் அப்பத்தா செய்ததுதான். குஞ்சு கொஞ்சம் பருக்கிற வரைக்கும் பஞ்சாரம் என்கிற கவிழ்த்த கூடைக்குள் மேய விடுவார். திறந்துவிட்டால் பக்கத்தில் ஒரு புதரோ, விறகு அடுக்கோ, சாய்த்து வைத்த தட்டியோ இருக்கும். ஓடி ஒளிய இடமிருந்தால் தாய்க்கோழியே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இப்போது முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறோம். அதில் குஞ்சு எங்கே போய் ஒளியும்? பழைய மீன்வலை ஒன்றை மேலே கட்டினாலும் போதும். செலவு சொற்பம்.

எலிக்கு மருந்து வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அந்த எலிதான் பருந்துக்கும் பழைய வீட்டுப் பரணில் குடியிருக்கும் கூகை ஆந்தைக்கும் சுலபமாக மாட்டும். எலியோடு சேர்த்து எலி பிடிக்கிறவனையும் கொன்றால் அடுத்த போகத்துக்கு யார் வருவார்கள்? கூகையை அபசகுனம் என்று சொல்லி விரட்டுகிற வீட்டுக்காரர்களிடம் நான் வாதாடுவதில்லை, நெல் மூட்டையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

என் பழைய வேலை சம்பந்தமாகவும் ஒன்று. பெரிய றெக்கையுள்ள பறவை 11 கே.வி. உயர் அழுத்தக் கம்பத்தின் கிராஸ் ஆர்மில், அதாவது கம்பியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், உட்கார்ந்து எழும்போது, றெக்கை கம்பியிலும் இரும்பிலும் ஒரே நேரத்தில் பட்டால் அதோடு சரி. பறவையும் போகும், ஃபீடரும் டிரிப் ஆகும், அந்த லைன் முழுக்கக் கரண்ட் நின்றுபோகும். கண்மாய்க் கரை, கறிக்கடை ஓரம் என்று பருந்து அதிகம் உட்காரும் கம்பங்களில் ஜம்பருக்கு (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பிக்கு) இன்சுலேஷன் உறை மாட்டிவிட்டால் இரண்டு பக்கமும் லாபம். எந்தக் கம்பம் என்று அந்தந்த ஊர் லைன்மேனைக் கேட்டாலே கை காட்டிவிடுவார்.

கடைசியாக, மரம் வெட்டும் யோசனை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். கூடுள்ள மரத்தைச் சாய்த்துவிட்டுப் பிறகு வனத்துறையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கிளை கம்பியில் உரசுகிறது, ஓட்டின்மேல் விழுகிறது என்றால் கழிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. செம்பருந்து மார்கழியிலிருந்து சித்திரை வரை கூட்டில் இருக்கும், வைரி கோடையில் குஞ்சு பொரிக்கும். ஆடி கழித்து ஆவணியில் ஆளைக் கூப்பிடுங்கள். மழைக்கு முன்னால் லைனை ஒட்டிய கிளைகளைக் கழிக்க எப்படியும் ஆள் வருவார்கள், அதோடு சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். அப்போதும் முதலில் ஒருவரை மரத்தில் ஏற்றி, கூடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அரிவாளை எடுக்கச் சொல்லுங்கள். கருந்தோள் பருந்துக்கு மட்டும் மாதக் கணக்கெல்லாம் கிடையாது, எலி நிறைய இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கூடு கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன்மேன்,
கோட்டையூர்.