ஓரம் வெட்டியது நீதான், அண்ணா

அண்ணா,

புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு நான் வரப்போவதில்லை.

டோக்கன் போட்டாகிவிட்டது, வக்கீலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். அப்பா வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தின் நகலையும் படித்தேன். 'முழு மனதுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும்' என்கிற வரி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

ஊர் பார்க்க ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போடுகிறாய். குடும்பக் குரூப்பில் எழுதினால் மாமா கும்பிடு போடுகிற பொம்மையை அனுப்பிப் பேச்சை முடித்துவைக்கிறார். (வணக்கம் மாமா. நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.) நேரில் வந்தால் நீ டீ வாங்கிவருகிறேன் என்று கிளம்பி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவாய். அதனால் இங்கே. அண்ணியைப் பற்றி இதில் ஒரு வரிகூட வராது, பயப்படாதே.

இன்று ஆடிப்பெருக்கு. காலையில் புளி கரைக்கும்போதே அந்த மூன்றாம் பாகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எந்த மூன்றாம் பாகம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1994. பத்தாவது ரிசல்ட் வந்து நீ பாலிடெக்னிக் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அலமாரியில் வைத்திருந்த நேரம். திருப்பாப்புலியூரில் அப்பாவுடைய பைண்டிங் கடைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாத்தா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். துணிமூட்டைக்குள் ஐந்து கட்டுகள். 'கல்கி'யில் 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', மணியம் வரைந்த படங்களோடு. அவர் மனைவி வாரா வாரம் பிரித்தெடுத்துச் சேர்த்தது. மூட்டையைப் பிரித்துவிட்டு உடனே போகாமல், புதுமைப்பித்தன் 1906-ல் இந்தத் திருப்பாப்புலியூரில்தான் பிறந்தார், ஜெயகாந்தன் 1934-ல் எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார், இந்த ஊர்க்காரன் எவனுக்காவது அது தெரியுமா என்று நம் இரண்டு பேரையும் திட்டிவிட்டுத்தான் போனார். ஜெயகாந்தன் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று நீ பிற்பாடு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

அந்தக் கட்டுகளைத் தைக்கிற வேலை எனக்கு வந்தது. பதிமூன்று வயசு. தையலுக்கு வழக்கமாக வரும் அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தார்.

எல்லாம் ஒற்றைத் தாள். மடித்த தாளாக இருந்தால் மடிப்புக்குள் ஊசி விட்டு ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த கட்டு கட்டாக, தைத்துவிடலாம், ஓரம் மிஞ்சும். ஒற்றைத் தாளைப் பக்கவாட்டில் குத்தூசியால் துளைத்துத்தான் தைக்க வேண்டும். உள்பக்கம் அரை அங்குலம் தையலிலேயே போய்விடும். ஆகவே வெளி ஓரத்தில் நூலளவுதான் வெட்டலாம். அப்படி வெட்ட வேண்டுமானால் தைப்பதற்கு முன்னால் தாளை முதுகுப் பக்கமும் தலைப் பக்கமும் தட்டித் தட்டி ஒரே பலகை மாதிரி சமமாக்க வேண்டும். அந்தத் தட்டுகிற வேலையும் என்னுடையதுதான்.

நான் தட்டவில்லை, படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே ஆடிப்பெருக்கு, வீராணம் ஏரி, எழுபத்து நான்கு கணவாய் (தண்ணீர் பாய்கிற மதகு), கரையெல்லாம் கூட்டாஞ்சோறு. நம்ம மாவட்டத்து ஏரி ஒரு கதைக்குள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை எனக்குக் கதை என்றால் எங்கேயோ நடப்பது. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினால் அந்தக் கரைக்கே போய்விடலாமா என்று உன்னிடம் கேட்டேன், நீ "கண்டக்டர் கேட்டா வந்தியத்தேவன் டிக்கெட் எடுப்பான்னு சொல்லு" என்றாய். முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒழுங்காகத்தான் தைத்தேன். மூன்றாம் பாகத்தில் கை நின்றுவிட்டது. ஒரு தாளை உருவிப் படிப்பேன், அவசரமாகச் செருகுவேன், அடுத்ததை உருவுவேன். கடைசியில் அப்பா செருப்புச் சத்தம் கேட்டு அப்படியே பிடித்துத் துளை போட்டுத் தைத்துவிட்டேன். நடுவில் ஒரு கொத்துத் தாள் விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நீ அதைக் கட்டிங் மெஷினில் வைத்தாய். மேல் சக்கரத்தைச் சுற்றி இறுக்கினாய். பிடியை இழுத்தாய்.

அந்தச் சத்தம் தினமும் கேட்கிற சத்தம்தான். கீழே விழுந்தது மட்டும் வேறு. எப்போதும் வெள்ளையாகச் சுருண்டு விழும் ஓரத்தில் அன்று எழுத்து இருந்தது. நீ குனிந்து ஒரு கீற்றை எடுத்தாய். மேலிருந்து கீழாக வெறும் கடைசி எழுத்துகள். து, ன், க், ம், ள், ர். இன்னொன்றில் யாருடைய முழங்கையோ, ஒரு படத்திலிருந்து. மூன்றாம் பாகத்துக்குப் பெயர் 'கொலை வாள்'. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று இரண்டு பேருக்கும் வாய் உலர்ந்துபோனது.

நீ என்னைத் திட்டவில்லை. "பசை இருக்கா?" என்றுதான் கேட்டாய்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சிய பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி, கட்டி இல்லாமல் துணியில் வடிகட்டினாய். மெல்லிய டிஷ்யூ தாளை நூல் மாதிரி கிழித்து வைத்தாய். இருபத்து மூன்று கீற்று. எது எந்தப் பக்கத்துக்கு? நீ பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாதி வார்த்தையைப் படிப்பாய், நான் கீற்றைத் தேடுவேன். ஓர் இடத்தில் நின்றாய்.

"'வந்தா'ன்னு நிக்குது. ன்-னா, ள்-ளா?"

"ள்" என்றேன். பார்க்காமலே சொன்னேன். படித்திருந்தேனே.

"அடிப்பாவி, அம்புட்டையும் படிச்சிட்டியா?" என்று நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன். வீட்டைக் கேள், யோசிக்கிறேன்.

பதினேழு கீற்று ஒட்டியிருப்போம். அப்பா வந்து நின்றார். "யார்றா வெட்டினது?"

"நான்தாம்ப்பா வெட்டினேன்."

மர ஸ்கேல் உடைகிற வரைக்கும் அடித்தார். ஸ்கேல் உடைந்தது என்பதைச் சொல்கிறேனே தவிர, நான் எங்கே நின்றேன் என்பதைச் சொல்ல வரவில்லை. பசைக் குவளைக்குப் பின்னால் நின்றேன். ஒரு கீற்று கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, உதறினேன், போகவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்ன தெரியுமா? அண்ணன் பொய் சொல்லவில்லையே, வெட்டினது அவன்தானே. இன்னொன்றும் உண்டு. மெஷினில் வைக்கும் முன்னால் ஓரத்தைத் தடவிப் பார்க்காமல் யாராவது பிடியை இழுப்பார்களா? நீ தடவியிருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு உன் மனசு விண்ணப்பத்தில் இருந்தது. என் மனசு கதையில் இருந்தது. அடி மட்டும் உனக்கு.

"தாளைக்கூடப் பாத்து வெட்டத் தெரியாதவன் பாலிடெக்னிக் போயி என்னத்தக் கிழிக்கப் போறான்" என்று அப்பா சொன்னது அடுத்த நாள் காலையில். தாத்தா வந்து மூன்றாம் பாகத்தைப் புரட்டி, ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். கூலி எவ்வளவு என்று கேட்டார். ஐந்து பாகத்துக்கும் அப்பா காசு வாங்கவில்லை. அந்த மாதம் ஃபீஸ் கட்டவில்லை. அடுத்த வருஷம் விண்ணப்பமே வாங்கவில்லை.

மன்னித்துக்கொள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும். சொல்லிவிட்டேன்.

ஆனால் அப்பா உன்னை எப்படியும் அனுப்பியிருக்கமாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். ஜூன் மாசம், கோர்ட்டுக் கட்டும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரும் மலை மாதிரி கிடந்தன. கூலி இல்லாத ஆள் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். என் தப்பு அவருக்கு வசதியாகக் கிடைத்தது. இப்படி நினைப்பது என் பாரம் இறங்குவதற்காகவா, உண்மையே அதுதானா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இதை நீ எனக்கும் உனக்கும் நடுவில்தான் வைத்திருக்கிறாய் என்று நம்பியிருந்தேன். உன் பெரியவன் காதுகுத்தில், பந்தியில், பாயசத்தோடு சேர்த்து எனக்குப் பரிமாறப்பட்டது. "உங்களாலதானே அவருக்குப் படிப்புப் போச்சு." ஒரு வரி வராது என்றேன், வந்துவிட்டது. சொன்னவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொன்னது யார்?

சரி, உழைப்புக் கணக்குக்கு வருகிறேன். 'உழைச்சவன் அவன், வீடு அவனுக்குத்தானே' என்கிறார்கள் எல்லோரும். நம் சொந்தக்காரர்கள் உன்னை ஐந்தாம் பாகமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள், 'தியாக சிகரம்'. நீ உழைத்தாய். வங்கியெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் லெட்ஜர் பைண்டிங் நின்றபோது கடையை ஜெராக்ஸும் ஸ்பைரலுமாக மாற்றிக் காப்பாற்றினாய். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துக் கடைக் கூரை பறந்தபோது நனைந்த காகிதத்துக்கு நடுவில் நின்று திரும்பக் கட்டினாய். நான் உதவிக்கு வரவில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாண்டியிலும் அதே காற்றுதான் அடித்தது அண்ணா. எனக்கு நாலு மாசக் குழந்தை.

அம்மா காரியம் முடிந்து பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் நீளக் கணக்கு நோட்டு கிடைத்ததே. நீ பிரித்துக் காட்டினாய், "பாரு, பதினாறு வயசிலேர்ந்து என் பேர்ல எழுதியிருக்கு." இருந்தது. 'பெரியவன் 10', 'பெரியவன் 10', பக்கம் பக்கமாக. கையில் கொடுத்தாரோ இல்லையோ, எழுதியாவது வைத்தார். தையல் அக்காவுக்கு எழுதியிருந்தார், ஃபாரக் கணக்கில். அன்றைக்கு நீ பெட்டியை இறக்கப் போன நேரத்தில் நான் என் பெயரைத் தேடினேன். கல்யாணமாகிப் போகும் வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்புறம் காலேஜ் விட்டு வந்து, விளக்கு வைத்த பிறகும் தைத்தேன். நடு விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம் இன்னும் இருக்கிறது. நோட்டு முழுக்கத் தேடியதில் ஒரு வரி அகப்பட்டது.

'பாப்பா ரிப்பன் 3.00.' செலவுப் பக்கத்தில்.

நான் இன்று ஒரு கடையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். எதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதுதான் என் வேலையே. அந்த வரியைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி உன்னிடம் கொடுத்துவிட்டேன். நீ எதற்கு முகம் கறுத்துப்போயிருக்கிறாய் என்று கேட்டாய், தூசி என்றேன்.

அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதவில்லை. அம்மாவும் போய்விட்டாள். 1956-ஆம் வருஷத்துச் சட்டமே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது. இதைச் சொன்னதற்கு "சட்டம் பேசுறியா" என்றாய். விடுதலைப் பத்திரமும் சட்டம்தானே.

பணத்துக்காகவா என்றால், ஆமாம், பணத்துக்காகவும்தான். மகன் படிப்பு இருக்கிறது. அவர் வேலை விஷயம் உனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது. உன்னை வீட்டைவிட்டு எழுப்ப நினைக்கவில்லை. கடைப் பகுதி உனக்கே இருக்கட்டும், பின்கட்டுக்கு மதிப்புப் போட்டு என் பங்கை மெதுவாகக் கொடு, இரண்டு வருஷமானாலும் சரி. வக்கீலிடம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொல். அதில் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். முன்பணம் வீணாகுமே என்று யோசிக்காதே, அதில் பாதியை நான் தருகிறேன். கட்டிங் மெஷினில் பங்கு கேட்கமாட்டேன். குத்தூசி இன்னும் இருந்தால் அது மட்டும் எனக்கு வேண்டும், அந்த மரப்பிடி போட்டது.

கோபம் வந்தால் ஒரு வாரம் கழித்துப் பேசு. கோபம் வரவில்லையென்றால் இன்றைக்கே பஸ் ஏறு. அம்மா செய்கிற மாதிரி நல்லெண்ணெய் மிதக்கப் புளி சாதம் செய்திருக்கிறேன், தேங்காய் சாதம், தயிர் சாதமும் உண்டு. ராத்திரி எந்நேரம் வந்தாலும் பரவாயில்லை, புளி சாதம் தாங்கும். தயிர் சாதத்துக்கு நான் பொறுப்பில்லை.

பாப்பா