முயல் வாங்குவதற்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் மகிழனும் நலம்தானே?

மகிழனுக்கு மூன்று வயது நிறைகிறது, ஒரு முயல்குட்டி வாங்கித் தரலாமா என்று போனில் கேட்டாய். வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் ‘அப்பா எதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்’ என்பாய். அதனால் காரணத்தோடு எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

பையன் சாது, எதையும் போட்டு அடிக்க மாட்டான் என்று சொன்னாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிக்கல் பையனிடம் இல்லை, முயலின் உடம்பில் இருக்கிறது. முயல் பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற பிராணி. தரையிலிருந்து காலைத் தூக்கினாலே அதற்கு உயிர்ப்பயம். மூன்று வயதுப் பிள்ளைக்கோ, பிடித்ததைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தால்தான் ஆசை தீரும். இந்த இரண்டும் ஒரே வீட்டில் ஒத்துப்போகாது.

பூனையின் எடையில் எலும்பு 12, 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு 8 சதவீதம்தான். பின்னங்கால் சதையோ மிகவும் பலமானது. பின்பக்கம் தாங்கல் இல்லாமல் தூக்கினால் முயல் இரண்டு காலையும் சேர்த்து உதைக்கும். அந்த உதையின் வேகத்திலேயே இடுப்பருகே முதுகெலும்பு முறிந்துவிடும். கீழே விழக்கூட வேண்டியதில்லை. அப்புறம் பின்னங்கால் இழுபடும், மூத்திரம் தானாகப் போகும். பெரும்பாலும் கருணைக்கொலை ஊசியில்தான் முடியும். அதைப் பையனுக்கு எப்படிச் சொல்வாய்?

இன்னொன்று, மடியில் வைத்தால் அசையாமல் இருக்கிறது, அதற்குப் பிடித்திருக்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். காது முதுகோடு ஒட்டி, கண் பிதுங்கி, உடம்பு விறைத்திருந்தால் அது பயத்தில் உறைந்து கிடக்கிறது. மல்லாக்கப் போட்டால் ‘தூங்குகிற’ வீடியோக்கள் எல்லாமே அந்தப் பயம்தான். பிடித்திருந்தால் காலை நீட்டிப் பக்கவாட்டில் சரிந்து படுக்கும், தலையைத் தடவும்போது பல்லை மெதுவாக நறநறக்கும்.

அதனால் என் கணக்கு இதுதான்: மூன்று வயதுப் பிள்ளைக்கு என்று முயல் வாங்க முடியாது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்று வாங்கலாம், பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நன்றாக வளர்த்தால் முயல் எட்டிலிருந்து பத்து வருஷம் இருக்கும். அவன் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு போகிறவரை புல்லும் தண்ணீரும் வைத்து, மூத்திரத் தட்டைக் கழுவப் போவது நீங்கள் இருவரும்தான். அதற்குச் சம்மதமென்றால் மேலே படி. இல்லையென்றால் இரண்டாம், மூன்றாம் வகுப்பு வரட்டும், அப்போது பேசுவோம்.

முயலுக்குச் சாப்பாடு என்றால் காய்ந்த புல். கேரட் இல்லை! கேரட் இனிப்பு, வாரத்தில் ஒன்றிரண்டு முறை விரல்நுனி அளவுத் துண்டு போதும். சாப்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், ராத்திரியும் பகலும் கூடையில் தீராமல் இருக்க வேண்டும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், கடைவாய்ப் பல்லும் அப்படித்தான். நாருள்ள புல்லை அரைத்தால்தான் பல் தேயும். தேயாவிட்டால் கூர் முளைத்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும், தின்பது நிற்கும். சென்னையில் டிமோத்தி புல் பாக்கெட்டில் கிடைக்கிறது. இங்கிருந்து கொழுக்கட்டைப் புல்லை நிழலில் உலர்த்தி நான் அனுப்ப முடியும். அருகம்புல்லும் ஆகும், ஆனால் ரோட்டோரத்தில் பிடுங்கியது வேண்டாம். நாய் மூத்திரமும் பூச்சிமருந்தும் இருக்கும். வைக்கோல் கீழே விரிக்க மட்டும். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்கிற தீவனச் செடி) குட்டிகளுக்குச் சரி, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து மிஞ்சி மூத்திரப்பையில் மணல்போல் தங்கும். கொத்தமல்லி, புதினா தினமும் ஒரு கைப்பிடி. கடைத் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விட்டால் செத்துப்போகும். தினமும் காலையில் புழுக்கையைப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும். நேற்று உருண்டையாகப் பட்டாணி அளவில் இருந்தது இன்று மிளகு அளவாகச் சிறுத்தாலோ, மயிரில் கோத்துக்கொண்டு வந்தாலோ கவனி. (விடிகாலையில் பின்புறத்தில் வாய் வைத்து மெத்தென்ற கொத்துப் புழுக்கையைத் தின்னும், அது நோய் இல்லை, அதற்கு அது சத்து. தடுக்காதே.)

உங்கள் ஊர் வெயில் பற்றி யோசித்தாயா? முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு இறங்கும். 20 டிகிரி அதற்குச் சுகம், 30 தாண்டினால் ஆபத்து. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்க்கிறது. அந்தக் குளிர் வேளச்சேரி பால்கனியில் இருக்காது. ஃபேன் மட்டும் போதாது. சித்திரை, வைகாசியில் பகலில் ஏசி அறையில் வைத்தாக வேண்டும். கரண்ட் போனால் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துண்டு சுற்றிப் பக்கத்தில் வை, அது தானாக ஒட்டிப் படுக்கும். வாயைத் திறந்து மூச்சுவிட்டால், மூக்கு நனைந்தால், காது கொதித்தால் ஈரத்துணியால் காதை மட்டும் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். பக்கெட்டில் முக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். சாதாரண நாளிலும் குளிப்பாட்டக் கூடாது.

கூண்டு என்று கடையில் தருவது கம்பித் தரையோடு வரும். அதில் பாதம் புண்ணாகும். ஹாலின் ஒரு மூலையைத் தடுத்து, ரப்பர் விரிப்பு போட்டு விடுவதுதான் நல்லது. போன் சார்ஜர், பிரிட்ஜ் வயர் எல்லாவற்றுக்கும் உறை போடு, ஒரே கடியில் அறுக்கும்.

இனி பையன் விஷயம். அவன் தரையில் காலை நீட்டி உட்காரட்டும். முயல் தானாக வரட்டும், துரத்தக் கூடாது. விரலின் பின்பக்கத்தால், நெற்றியிலிருந்து காதுக்குப் போகிற திசையில் மட்டும் தடவட்டும். மூக்கு, வயிறு, வால் கூடாது. பின்னங்காலால் தரையைத் ‘தொம்’ என்று தட்டினால் ‘போதும்’ என்கிறது. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், உங்களில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. தூக்குவது பெரியவர்கள் வேலை: ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை புட்டத்துக்குக் கீழே, உடம்போடு அணைத்து. இறக்கும்போது புட்டம் முதலில் தரையைத் தொட வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவதை யாருக்கும் அனுமதிக்காதே, உன் மாமனாருக்கும் சேர்த்துத்தான்.

தொட்ட பிறகு சோப்புப் போட்டு இருபது வினாடி கை கழுவட்டும். படர்தாமரையும் சொறியும் முயலிலிருந்து பிள்ளைக்கு ஒட்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்போடு நன்றாகக் கழுவி, குழந்தை டாக்டரிடம் காட்டிவிடு. போன மழைக்காலத்தில் அவனுக்கு இளைப்பு வந்ததே, அதையும் டாக்டரிடம் கேட்க வேண்டும். மயிரும் புல் தூசியும் நெஞ்சை அடைக்கலாம்.

மற்ற பிராணிகளைப் பற்றியும் கேட்டாயே. ஹாம்ஸ்டர் ராத்திரிப் பிராணி. பகலில் எழுப்பினால் கடிக்கும். ஆமை வேண்டவே வேண்டாம், சால்மொனெல்லா கிருமி ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் படுத்தும். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, காட்டு முயல் மூன்றும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாதவை, கடைக்காரர் என்ன சொன்னாலும். கினிப்பன்றி முயலைவிடத் தேவலாம்: பகலில் விழித்திருக்கும், கடிப்பது அரிது. ஆனால் தனியாக வைக்கக் கூடாது, தினமும் வைட்டமின் சி வேண்டும், ஒரு சின்னத் துண்டு கொய்யாவாவது. மூன்று வயதுக்கு என் ஓட்டு மீன் தொட்டிக்கு.

இத்தனைக்கும் பிறகும் முயல்தான் என்றால், சித்திரையில் வாங்காதே, ஐப்பசிக்குப் பார். எட்டு வாரம் தாயிடம் இருந்த குட்டியாக இருக்க வேண்டும். கடையில் ‘இது இவ்வளவுதான் வளரும்’ என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது பால் மறக்காத குட்டி. வீட்டுக்கு வந்ததும் கழிச்சலில் போய்விடும். மூக்கு, புட்டம், காதின் உள்பக்கம் மூன்றையும் பார். முன்னங்கால் பாதத்தின் உள்பக்க மயிர் ஈரமாகச் சடைபிடித்திருந்தால் சளியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது, வாங்காதே. ஜோடியாக வாங்கினால் இரண்டுக்கும் குடும்பக்கட்டுப்பாடு செய்ய வேண்டும். நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும், சினைக்காலம் 31 நாள்தான். ஒற்றைப் பெட்டையென்றாலும் கருப்பையை எடுத்துவிடு, வயதானபின் அங்கே புற்றுநோய் வருவது சகஜம்.

அதனால் முயலைத் தேடுவதற்கு முன் டாக்டரைத் தேடு. நாய், பூனை மட்டும் பார்க்கிறவர் போதாது. போன் செய்து இரண்டு கேள்வி கேள். முயலுக்கு அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்தை வாய்வழியாகக் கொடுக்கலாமா? ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி போட வேண்டுமா? இரண்டுக்கும் ‘கூடாது’ என்று உடனே சொல்கிறவரின் நம்பரைக் குறித்துக்கொண்டு எனக்கும் அனுப்பு. அப்படி ஒருவர் கிடைக்கிறவரை கடைக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா