ஓபி அடிப்பவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆடிட்டர் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேலை செய்யாமல் ஓபி அடிக்கிறார், அவர் வேலையும் உன் தலையில் விழுகிறது என்று நேற்று ராத்திரி நீ பேசியதிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படி, தாயி.

ஜிஎஸ்டிக்கு மாசாமாசம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் வரி கட்டிப் போடுகிற 3பி கணக்கு. இந்த இரண்டு தேதிக்கும் முந்தின ராத்திரி ஆபீஸில் லைட்டை அணைத்துவிட்டு வருவது நீதான். அந்த ஆள் பார்க்க வேண்டிய பார்ட்டிகளின், அதாவது உங்களிடம் கணக்குக் கொடுக்கிற கடைக்காரர்களின் பில்லெல்லாம் கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறது, அவர் ஆறு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தேதி தப்பினால் பார்ட்டிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. கடை வைத்திருக்கிறவர் என்ன பாவம் செய்தார் என்று நீ அதையும் இழுத்துப் போட்டுச் செய்கிறாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் ஆடிட்டர் வந்து பார்க்கும்போது எல்லாம் நேரத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு பேருமே ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள் என்றுதானே அவர் நினைப்பார்? அந்த ஆள் ஓபி அடிப்பது வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணமே உன் உழைப்புதான். இதைத்தான் நீ மாற்ற வேண்டும். அந்த ஆளைத் திருத்துவது உன் வேலை இல்லை.

பாம்பனில் தென்கடல் கரையில் கரைவலை இழுப்பதை நீ சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறாய். இந்த நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தக் கயிற்றைப் பிடித்தவன் நான். ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு வரும். இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று பின்னால் நடந்து நடந்து இழுப்போம். மீன் சேருகிற வலையின் பை, அதுதான் மடி, கரைக்கு வந்து சேர மணிக்கணக்காகும். அத்தனை பேரில் யாராவது ஒருவர் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு வருவார். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, எல்லோரையும் விட அதிகமாக அவர்தான் முக்குவார். காலைப் பார்க்க வேண்டும். மெய்யாக இழுக்கிறவனுக்குக் குதிகால் மணலுக்குள் போகும், அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். சும்மா வருகிறவனுடைய தடம் மணலுக்கு மேலேயே கிடக்கும்.

வலைக்குச் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டி அப்படிப்பட்ட ஆளை ஒருநாளும் திட்டினதில்லை. "நீ போய்க் கயிறு சுருட்டு" என்பார், அவ்வளவுதான். இழுக்கிறவர்களுக்குப் பின்னால் நின்று, வருகிற கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டுகிற வேலை அது. ஒரே ஆள்தான் செய்ய வேண்டும். கொஞ்சம் நின்றாலும் கயிறு குமிந்து எல்லோர் காலையும் சுற்றும், கரை முழுக்கப் பார்க்கும். அங்கே போன ஆள் ஒழுங்காக வேலை செய்துவிடுவான். அதற்கும் அசையாதவனுக்கு அன்றைக்கு அரைப்பங்குதான்.

உன் தங்கச்சி காலேஜில் உளவியல் படிக்கிறாளே, போன தடவை வந்தபோது அவளுடைய பாடத்தில் இதையே படித்துக் காட்டினாள், எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ரிங்கல்மான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், வேளாண்மைப் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து 1913இல் எழுதியிருக்கிறார். தனியாக இழுக்கும்போது போடுகிற பலத்தைக் கூட்டத்தோடு சேர்ந்தால் ஆள் போடுவதில்லை. ஆள் கூடக் கூடத் தலைக்கு இவ்வளவு என்பது குறைந்துகொண்டே போகிறது. பின்னாளில் அமெரிக்காவில் ஆட்களைக் கைதட்ட வைத்தும் கத்த வைத்தும் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் அதே கதைதான். ஆனால் யார் எவ்வளவு சத்தம் போட்டார் என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும் என்று ஆட்கள் நம்பியபோது அந்தச் சோம்பல் காணாமல் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத எங்கள் சம்மாட்டிக்கு இது தெரிந்திருந்தது, பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நீ அவசியம் யோசிக்க வேண்டும். கம்பெனியில் நண்டு எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலையில் ஒருவர் இருந்தார். சீட்டு எழுதுகிற நேரம் வந்தால், "தம்பி நீ எழுது, நான் தராசைப் பார்க்கிறேன்" என்பார். எல்லோரும் அவரை வேலைக்கள்ளன் என்றே பேசினார்கள். ஒருநாள் சாயங்காலம் யாரும் பக்கத்தில் இல்லை என்று நினைத்து, சீட்டை நீட்டிய கைக்கு அப்பால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்வை போய்விட்டதைச் சொல்ல வெட்கம். ராமநாதபுரத்தில் கண் முகாமுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு அவர் சீட்டை யாரும் தொட முடியாது, அப்படி எழுதினார். உன் ஆபீஸ்காரர் ஜிஎஸ்டிக்கு முன்னால் இருந்த வாட் வரி காலத்து ஆள் என்கிறாய். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அதை யாராவது அவருக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்களா? தெரியாததை உன்னைப் போன்ற சின்னப் பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு, டீக்கடைக்கும் போனுக்கும் ஓடுகிறாரா? முதலில் இதைப் பார். "சார், இந்த மாசம் ஒரு பார்ட்டியை நாம ரெண்டு பேரும் சேர்ந்து போடலாமா?" என்று கேள். தெரியாமல் நிற்கிற ஆள் என்றால் உட்காருவார். சோம்பேறி என்றால் அப்போதும் சாக்குச் சொல்வார். அரைமணி நேரத்தில் உனக்கு விளங்கிவிடும்.

சோம்பேறிதான் என்று தெரிந்துவிட்டால், அவரிடமே ஒரு தடவை நேராகச் சொல்லிவிடு. ஜாடை பேசாதே, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் புலம்பாதே, அது சுற்றி வேறு மாதிரி போய்ச் சேரும். "சார், உங்க பார்ட்டி பில்லை 5ஆம் தேதிக்குள்ள நீங்க போட்டுடுங்க. இனிமே கடைசி ராத்திரி என்னால உட்கார முடியாது." இவ்வளவு போதும். குரலை உயர்த்த வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரிக்கவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒரு தாளில் கட்டம் போடு. பார்ட்டி பெயர், யார் பொறுப்பு, பில் வந்த தேதி, என்ட்ரி முடிந்த தேதி, போய்ச் சேர்ந்த தேதி. ஆடிட்டரிடம் கொண்டுபோய், "சார், வேலை எங்க நிக்குதுன்னு உங்களுக்குப் பார்த்தவுடனே தெரியும்" என்று கொடு. ஆள் மேல் புகாராகச் சொல்லாதே. கட்டம் காலியாக இருந்தால் அதுவே சொல்லும். 20ஆம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் அவர் பக்கம் பாக்கி இருந்தால், ஆடிட்டருக்கு எழுதிப் போடு: "இந்தப் பார்ட்டிகள் பாக்கி. நான் எடுத்துச் செய்யவா?" செய் என்று அவர் சொன்னால் செய், கடைக்காரர் ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஆனால் யாருடைய வேலையை யார் செய்தது என்று அந்தக் கட்டத்தில் எழுதிவிடு. சொல்லாமல் செய்கிற பழக்கம் மட்டும் இன்றோடு போகட்டும்.

"நீ இருக்கும்போது எனக்கென்னம்மா கவலை" என்று அந்த பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதாக நேற்று சொன்னாயே, அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளாதே. வேலை செய்கிறவன் தலையில்தான் வேலையைக் கட்டுவார்கள், அதுவும் பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

அவர் எத்தனை தடவை டீக்குப் போனார், எத்தனை நேரம் போன் பார்த்தார் என்றெல்லாம் நீ கணக்குச் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, தாயி. உன் கண் முழுக்க அவர் மேலேயே இருக்கிறது. சி.ஏ. இன்டர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாயே, அதைப் பற்றி நேற்று ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி அந்த ஆபீஸில் போகிற நேரமெல்லாம் உன் படிப்புக்கு உரிய நேரம். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். 20ஆம் தேதி தாண்டியதும் இரண்டு நாள் லீவு போட்டு வா. புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் நேராக ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது, முன்னைப்போல மண்டபத்தில் இறங்கி மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. வரும்போது அந்தக் கட்டம் போட்ட தாளில் ஒரு நகல் எடுத்து வா. நம் கம்பெனியிலும் ஐஸ் கணக்கு யார் எழுதுவது என்று தினமும் தகராறுதான், அங்கேயும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

உன் அப்பா