இரவில் எங்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் கனரக வண்டிகள் நுழைவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ராஜகீழ்ப்பாக்கம் உட்புறத் தெருக்களில் வசிப்போர்,
கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை லாரி, டிப்பர், கான்கிரீட் கலவை வண்டி ஆகியவை குடியிருப்புத் தெருக்கள் வழியாகச் செல்லத் தடை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாம்பரம் – வேளச்சேரி பிரதான சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளிக் குடியிருக்கிறோம். கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டிகள் தேங்கினால் ஓட்டுநர்களின் கைப்பேசி மேப் எங்கள் தெருக்களைக் குறுக்கு வழியாகக் காட்டிவிடுகிறது. பகலில் கார், ஆட்டோ, பைக் என்று போகிறார்கள், அவர்களுக்கும் அவசரம் இருக்கும், சரி என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் லாரியும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பரும், கலவை வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருவதைத் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் பிரதான சாலை காலியாகத்தான் கிடக்கிறது. பகலில் பழகிய குறுக்கு வழி இரவிலும் தொடர்கிறது, அவ்வளவுதான். இதை நிறுத்தித் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதை யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “உங்கள் ஏரியா அமைதியான ஏரியாதானே, இதைவிட மோசமான இடமெல்லாம் இருக்கிறது.” உண்மைதான், இருக்கிறது. ஆனால் புகார் குறைவாக வருகிற இடம் என்பதாலேயே எங்களைக் கடைசியில் வைத்தால், அந்த அமைதி போன பிறகுதான் எங்கள் முறை வரும். அதனால் இங்கே வாழ்வது எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. நகரத்தில் வேலை, இந்தப் பக்கம் வீடு என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்தது அந்த ரயிலை நம்பித்தான். எங்கள் தெருக்களில் இருப்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான்: ரயில்வே, வங்கி, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று வேலை பார்த்து, பி.எஃப். கடன் போட்டு மனை வாங்கி, கையில் காசு சேரச் சேரக் கட்டி முடித்த வீடுகள். பிள்ளைகள் படித்து வெளியூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். நிறைய வீடுகளில் வயதான இருவர் மட்டும், சில வீடுகளில் ஒருவர் மட்டும்.

விடிவதற்கு முன் பால் போடுகிறவர் வருவார். கேட்டில் தொங்கும் பையில் சத்தம் வராமல் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார். அப்புறம் குயில், அதன் பிறகு வாசல் தெளிக்கும் சத்தம், பெருக்கும் சத்தம். மார்கழியில் தெருவில் பாதி அகலத்துக்குக் கோலம் இருக்கும், அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள் எங்கள் ஆட்கள். புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மாவுக்கு யார் வீட்டில் எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. எதிர் வீட்டுப் பாட்டி வழக்கமான நேரத்துக்கு வாசலுக்கு வரவில்லை என்றால் கையில் இருக்கும் துணியை அப்படியே வைத்துவிட்டுப் போய் மணி அடிப்பார். சாயங்காலம் பிள்ளைகள் நடுத்தெருவில்தான் சைக்கிள் பழகுவார்கள், பூப்பந்து ஆடுவார்கள். இரவு எட்டரை, ஒன்பதுக்கு அமெரிக்காவில் காலை நேரம். அப்போது வீட்டுக்கு வீடு வீடியோ அழைப்பில் பேரன் பேத்தி குரல் கேட்கும். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

சத்தமே இல்லாத இடம் இது என்று சொல்லவில்லை. பக்கத்தில் விமானப் படைத் தளம், பயிற்சி விமானம் தலைக்கு மேலேயே வட்டமடிக்கும். கோயில் மணி, பாங்கு, காய்கறி வண்டிக்காரரின் மைக், எல்லாம் உண்டு. எங்களுக்கு அது ஒன்றும் சத்தமாகவே தெரிவதில்லை. எப்போது வரும், எப்போது ஓயும் என்பது தெரியும். இரவு லாரி அப்படியில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒன்று போனால், அடுத்தது ஒன்றரைக்கா, இரண்டுக்கா என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருக்கள் பெரும்பாலும் 20 அடி, 30 அடி அகலம்தான். பஞ்சாயத்துக் காலத்தில் மனை பிரித்தபோது யாரும் டிப்பரை நினைத்துப் பிரிக்கவில்லை. தெருமுனையில் அந்த வண்டியால் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, திரும்பவும் முன்னே. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பீப் பீப் என்று கத்தும். நாய்கள் அத்தனையும் எழுந்து குரைக்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். டயாலிசிஸ் முடிந்து வந்து அசந்து படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அதன் பிறகு அவருக்குத் தூக்கம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பொதுத் தேர்வு நேரத்தில் என்ன நிலைமை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். காலையில் பார்த்தால் திருப்பத்தில் ஜல்லி சிதறிக் கிடக்கும், மழைநீர் வடிகால் மூடி விரிசல் விட்டிருக்கும். ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பெண்கள் அந்த ஜல்லியில் சறுக்கி விழுகிறார்கள்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறோம். ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக்கூடாது. 10 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிவிடுகிறது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவில் இயக்கக்கூடாது, அவசரம் இல்லாமல் ஹாரன் அடிக்கக்கூடாது என்று 2010-ல் சேர்த்தார்கள். சத்தமில்லாமல் வாழ்வதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. கைப்பேசிச் செயலியில் நாங்கள் அளந்து பார்த்த எண்களை இங்கே ஆதாரமாக வைக்கவில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவியைக் கொண்டு, நடு இரவில், தெருமுனையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவே பேசட்டும்.

தடை விதிப்பது பெரிய வேலை என்று யாராவது சொல்லக்கூடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 115-வது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவும் வசதிக்காகவும் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்க இடம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழ் அறிவிப்புகூட வேண்டியதில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். ஆகவே முதலில் ஒரே ஒரு மாதம் சோதனையாகச் செய்து பாருங்கள் என்று கேட்கிறோம். பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடங்களில் பலகை வையுங்கள், இரவு ரோந்துக் காவலர்களிடம் சொல்லிவையுங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு எந்தத் தடையும் கூடாது என்பதை நாங்களே வலியுறுத்துகிறோம். பலன் இருந்தால் முறைப்படி நிரந்தரமாக்குங்கள்.

தண்ணீர் லாரியே வேண்டாம் என்று கேட்கவில்லை. கோடையில் போர் வற்றினால் எங்களில் பாதிப் பேர் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம். ஓட்டுநர்களும் பாவம், நடைக் கணக்கில் ஓடுகிறவர்கள். தெருவுக்குள் தண்ணீர் கொடுக்க வரும் லாரி காலை 6-க்கு மேல், இரவு 10-க்குள் வரட்டும். வேறு ஊருக்குப் போகும் லாரி பிரதான சாலையிலேயே போகட்டும். வீடு கட்டுகிறவர்களுக்கும் இதே கோரிக்கைதான். பழைய தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடி வருவதைத் தடுக்க யாராலும் முடியாது, நாங்களும் அதற்கு எதிரி இல்லை. தளம் போடும் வேலையைப் பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டட அனுமதியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

வேகத்தடை பற்றியும் ஒரு வார்த்தை. பொறுக்க முடியாமல் சில இடங்களில் ஆட்களே சிமெண்டைக் குழைத்து மேடு போட்டுவிட்டார்கள். அது லாரியை ஒன்றும் செய்யாது, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவரின் முதுகைத்தான் உடைக்கும். சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வரையறுத்தபடி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்தில், வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் வைத்து முறையாகப் போட்டால் வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும். எங்கெங்கே வேண்டும் என்று தெருவாசிகளைக் கேட்டுவிட்டு, மாநகராட்சிப் பொறியாளர்களைக் கொண்டு போட்டுத் தாருங்கள். அதைச் செய்துவிட்டு அந்தச் சிமெண்ட் மேடுகளைப் பெயர்த்து எடுங்கள், நாங்களே கூட நின்று ஒத்துழைக்கிறோம்.

தெருவாசிகளின் கையெழுத்துகளையும், லாரிகள் நுழையும் திருப்பங்களைக் குறித்த கை வரைபடத்தையும் இணைத்துள்ளோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்கவும் தயார். ஆய்வுக்கு அலுவலரை அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து பகலில் அனுப்ப வேண்டாம். பகலில் வந்து பார்த்துவிட்டு “குறை ஏதும் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து எந்த நாளிலும் வரலாம். எங்களில் சிலர் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராஜகீழ்ப்பாக்கம் உட்புறத் தெருவாசிகள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், தெரு வரைபடம்.