எர்த்துக்குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

சிந்துபூந்துறை,
ஆடி 14

அன்புள்ள மாப்ளே,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. உன் மருமகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஆனித் தேரோட்டத்துக்கு வருகிறேன் என்று இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டாய். வடம் பிடிக்கிற இடத்தில் கட்டையன்கூட உன்னைக் கேட்டான். அவனே கேட்டான் என்றால் பார்த்துக்கொள்.

எழுத உட்கார்ந்தது அத்தை வீட்டு விஷயத்துக்காக. ஆனால் அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் தொடங்கியது. வரிசையாகவே சொல்கிறேன், நடுவில் தாவாமல் படி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் போனது உனக்குத் தெரியும். மார்கழி பிறந்த அன்று ராத்திரி ஆறு தெருவுக்குள் வந்தபோது, அத்தையையும் சாமி படங்களையும் மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் வாங்கவே இல்லை. இப்போது மகளுக்குப் படிப்புக்கு வேண்டும். கடையில் சேர்த்து வைத்ததை வாங்கலாம் என்றேன். "நாமே சேர்ப்போம்ப்பா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் அந்த அண்ணன் கேபினெட்டைத் திறக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோமே, அந்த ஆசை.

பாதிப் பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன, மீதி கூரியரில். ரைசன் 5 5600ஜி பிராசஸர். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம். 8 ஜிபி ராம் இரண்டு. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்துத் தொடங்கினோம். அந்த பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன மாப்ளே. மூலையில் ஒரு தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் ஒரு முக்கோணம். லீவரைத் தூக்கிவிட்டு, இரண்டு முக்கோணத்தையும் சேர்த்து, சும்மா வைத்தால் போதும், தானாக இறங்கி உட்காரும். அழுத்தவே கூடாது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். அது இறங்கிய நிமிஷம் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. அந்தக் காலத்துப் போர்டு என்றால் பீப் பீப் என்று கத்தி நோயைச் சொல்லும். இதில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே இல்லை. அதற்குப் பதிலாக ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள்: சிபியு, ராம், கிராபிக்ஸ், பூட். எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். எங்களுக்கு ராம் விளக்கு எரிந்தது. உடனே எனக்கு அந்த அண்ணன்தான் ஞாபகம் வந்தார். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தங்கப் பல்லைத் தேய்த்துவிட்டு மாட்டுவாரே! புது ராமுக்கு ரப்பர் எதற்கு என்று மகள் கேட்டாள். அவள் கேட்டது சரி. ஒரு ராமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தோம், படம் வந்தது. இன்னொன்றை அதே ஸ்லாட்டில் வைத்தோம், அதுவும் வந்தது. அப்படியென்றால் ராம் இரண்டும் நல்லவை, உட்கார்ந்த விதம்தான் தப்பு. இந்த மாடல் போர்டில் ஸ்லாட்டின் மேல்முனையில் மட்டும்தான் கிளிப். அது 'டக்' என்று பூட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். கிளிப் இல்லாத கீழ்முனை ஒரு நூல் மேலே தூக்கி நின்றிருக்கிறது. இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இரண்டு முனையும் அழுத்தி மாட்டினோம். பயாஸ் என்கிற முதல் திரை வந்ததும் உன் தங்கச்சி அடுக்களையிலிருந்து ஓடிவந்து கை தட்டினாள். ராம் 3200க்குப் பதில் 2133 வேகத்தில் ஓடியதை, எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் பண்ணி மகளே சரிசெய்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் போனில் சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து மகள், "அப்பா, கேபினெட்டைத் தொட்டா சுருக்குங்குது" என்றாள். செருப்பில்லாமல் நின்று புறங்கையால் தடவிப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி விறுவிறு என்றது. மதர்போர்டுக்கு அடியில் எங்கேயோ ஸ்க்ரூ உரசுகிறது என்று பயந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எல்லாவற்றையும் கழற்றினோம். போர்டைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்டாண்ட்ஆஃப் ஒவ்வொன்றையும் எண்ணி மறுபடி மாட்டினோம். அப்புறமும் அதே விறுவிறு.

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி அது. அதற்குள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள், ஒன்று கரண்ட் வருகிற பேஸ் கம்பியிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் பாடிக்குப் போகின்றன. எர்த், அதாவது மண்ணுக்குள் இறங்குகிற பாதுகாப்புக் கம்பி, சரியாக இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடி 230 வோல்ட்டில் பாதியில், 115 பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் வெறும் விறுவிறுப்போடு நின்றுவிடும். சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மகள் விடவில்லை. "சுவிட்சை அணைச்ச அப்புறமும் அடிக்குதே. பிளக்கைப் பிடுங்கினாத்தான் நிக்குது" என்றாள். இன்னொன்றும் அவள்தான் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் அடிக்கும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அவள் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டு பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அடித்தது. பிரிட்ஜ் அடங்கியது. நின்றது.

மாப்ளே, எனக்கு அப்போது வயிற்றைக் கலக்கிவிட்டது. மாமா வயரிங் பண்ணின காலத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரோரம் ஒரே எர்த்துக்குழிதானே போட்டார்? ஓடிப்போய் அத்தையிடம் கேட்டேன். பிரிட்ஜ் முன்னால் ஒரு மணைப்பலகை கிடந்தது. "அது தொட்டா லேசா இழுக்கும்யா. வெள்ளத்துக்கப்புறம் அப்படித்தான் இருக்கு. பலகையில ஏறி நின்னு தொறந்தா ஒண்ணும் செய்யாது" என்றார்கள். வெள்ளத்துக்கப்புறம் என்றால் எத்தனை நாள் என்று நீயே கணக்குப் போடு. இத்தனை நாளும் ஒரு பலகையை நம்பி உன் அம்மா இருந்திருக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போகிற நானும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்காமல் வந்திருக்கிறேன். அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

மாமாவிடம் தொழில் படித்த வயர்மேன் அண்ணனைக் கூட்டிவந்தேன். டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் இரண்டு வீட்டிலும் எரியவே இல்லை. குழியைத் தோண்டினோம். துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புக் கம்பி துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மேலே இரண்டு வீட்டு எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது, கீழே மண்ணோடு சேரவில்லை. வெள்ளத்தில் நனைந்த அத்தை வீட்டு பிரிட்ஜில் கசிகிற கரண்ட் போக இடமில்லாமல், எர்த் கம்பி வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து, புதுக் கம்ப்யூட்டரின் கேபினெட்டில் நின்றிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு குற்றமும் இல்லை.

மீட்டர் பலகையைத் திறந்தபோது அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பலகையின் உள்பக்கம் மாமா பென்சிலால் வருஷா வருஷம் எழுதியிருக்கிறார்: 'சித்திரை 1, எர்த்துக்குழி, 2 குடம்.' ஒன்றின்கீழ் ஒன்றாக இருபதுக்கு மேல் வரிகள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்று அவர் குடத்தோடு போவதை நாம் பார்த்திருக்கிறோம். செடியே இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறாரே என்று நீ கேட்டு ஒரு தட்டு வாங்கினாயே! கடைசி வரி அவர் போவதற்கு முந்தின சித்திரை. அதற்குப் பிறகு நம் இரண்டு பேரில் ஒருவருக்கும் அந்தக் குழி ஞாபகம் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

இப்போது புதிதாக எட்டடி ஜிஐ பைப்பு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழியை மூடியாகிவிட்டது. எங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுவிட்டோம். ஆள்மேல் கரண்ட் பாய்ந்தால் கண் சிமிட்டுவதற்குள் லைனை வெட்டிவிடும். கேபினெட்டை ஈரக்கையால் தொட்டாலும் இப்போது ஒன்றும் இல்லை. பணத்தைப் பற்றிப் பேசாதே, அதை அப்புறம் பார்க்கலாம்.

பிரச்சினை அத்தைதான். ஆர்சிசிபி போட்டால் அந்த பிரிட்ஜ் ஓடாது, போட்ட நிமிஷம் வெட்டும், அவ்வளவு கசிகிறது. பிரிட்ஜை மாற்ற வேண்டும் என்றால், "அது உங்க மாமா போனஸ்ல வாங்குனது, நான் இருக்கவரைக்கும் இருக்கட்டும்" என்கிறார்கள். நான் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி மாட்டியிருந்தார்கள், முன்னால் அதே மணைப்பலகை. எர்த் இருக்கிறது என்ற தைரியத்தில் விடக்கூடிய விஷயம் இல்லை இது. உன் தங்கச்சி பேசிப் பார்த்தாள், கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார்கள். அதட்டாதே. மாமா எழுதி வைத்த வரிகளைச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கூப்பிடு, அப்புறம் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அண்ணனிடம் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். புது பிரிட்ஜுக்கு ஜங்ஷனில் நானும் மகளும் போய்ப் பார்த்து வருகிறோம். அத்தைக்கு எட்டுகிற உயரம் எனக்குத் தெரியும்.

உன்
மச்சான்