கேட்டுவிட்டு ஊசி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த கையோடு நர்சிங் படிப்புகள் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் படிப்பு எத்தனை ஆண்டு, எப்படி விண்ணப்பிப்பது, வெளிநாட்டில் என்ன சம்பளம் என்று எல்லாம் இருந்தது. பொறுமை வேண்டும், புன்னகை வேண்டும், சேவை மனப்பான்மை வேண்டும் என்றும் இருந்தது. வேண்டியதுதான். ஆனால் படித்து முடித்து முதல் முறை தனியாக நைட் டியூட்டி பார்க்கப் போகும் பெண்ணுக்கு (பையன்களும் இப்போது நிறைய வருகிறார்கள்) இதெல்லாம் அவ்வளவாகக் கைகொடுக்காது. அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து, இன்சார்ஜ் சிஸ்டராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பாதி காதில் விழாது. சீனியரிடம் கேட்டால், "இத்தனை வருஷம் என்னத்தப் படிச்ச?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து குத்துமதிப்பாக மருந்து எடுக்கப் போனவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போட வேண்டிய நோயாளிக்கு, டியூட்டி மாறும் பரபரப்பில் ட்ரேயில் கிடந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து 100 யூனிட் மருந்தை 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அவர் வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடப்பார். இதுவே தலைகீழாக நடந்தால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால், போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறதே என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். குப்பியின் லேபிளையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சந்தேகம் தீராவிட்டால் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திட்டுவார். திட்டட்டும்.

பொட்டாசியம் குளோரைடு இன்னும் மோசம். சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து அது. அப்படியே ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அது வரும் சின்னக் குப்பியும் (ஆம்பூல்), மருந்து கரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலும் சில சமயம் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். இரண்டையும் ஒரே ட்ரேயில் வைக்காதீர்கள். இன்னொருவர் லோட் செய்து வைத்துவிட்டுப் போன ஊசியை, அவர் எவ்வளவு நெருங்கிய தோழியாக இருந்தாலும், நீங்கள் போடாதீர்கள். போனில் டாக்டர் டோஸ் சொன்னால் "ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா சார்? ஒண்ணு அஞ்சா, அஞ்சு சைபரா?" என்று பிரித்துக் கேளுங்கள். கேட்டதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம், நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் மறைப்பது. திட்டு விழுமே என்று சிலர், விஷயம் வீட்டுக்குத் தெரிந்து கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ என்று சிலர் வாயே திறப்பதில்லை. குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பயனில்லை. தொடங்கிய பிறகு 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணையையும் மாணவியாக இருக்கும்போதே போட்டு முடித்துவிடுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஊசி குத்துவதே பல நேரம் அப்போதுதான். பயன்படுத்திய ஊசிகளுக்கென்றே வைத்திருக்கும் வெள்ளை டப்பாவில் அப்படியே போட்டுவிடுங்கள்.

கேட்கிற பழக்கம் டாக்டரோடும் சீனியரோடும் நிற்க வேண்டியதில்லை. வார்டு ஆயாம்மாவிடமும் பேசுங்கள். எந்த நோயாளி இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை, யார் ராத்திரி தூங்காமல் புலம்பினார் என்பது கேஸ் ஷீட்டுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சம்பளத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள். உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் அதில் பாதியைக் கொடுத்துவிட்டு 12 மணி நேர டியூட்டி வாங்குகிறார்கள். அதற்கு மேல் அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதுண்டு. எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேறு வேலை கிடைத்தும், அவற்றைத் திரும்ப வாங்க நாயாய் அலைந்தாள். சரிபார்க்க மட்டும் அசலைக் காட்டுங்கள், கொடுப்பது நகலாக இருக்கட்டும்.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். நர்சிங் கல்லூரி நடத்துபவர்களுக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் ஹாஸ்டலைப் பார்க்கிறார்கள், பஸ் வசதியைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதே இல்லை. அடுத்த முறை கல்லூரிப் பட்டியல் வெளியிடும்போது, எந்தக் கல்லூரிக்கு எங்கே மருத்துவமனை, எத்தனை படுக்கை என்பதையும் விசாரித்து ஒரு வரி சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தென்காசி