ராத்திரி வண்டியில் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து, வேறொருவருக்குப் பொருத்த இதயம் எடுக்கப் போகும் டீமில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திருச்சி – சென்னை ராத்திரி சர்வீஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன், ரோட்டைப் பற்றிப் பேசலாம் இல்லையா? போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீதான் சொன்னாய், ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கிளாம்ப் (இடுக்கி) போட்ட நிமிஷத்திலிருந்து இதயத்துக்குச் சுமார் 4 மணி நேரம்தான் கணக்கு, சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும் என்று. அப்படியானால் கடிகாரம் ஓடுவது திரும்பி வரும்போதுதானே? நீங்கள் போகும்போது அந்த இதயம் வென்டிலேட்டரில் இருப்பவரின் உடம்புக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கிறது. கல்லீரல் டீம் வர வேண்டும், கிட்னி டீம் வர வேண்டும், தியேட்டர் தயாராக வேண்டும். பிறகு போகும்போதே எதற்குச் சைரன் போட்டுக்கொண்டு பறப்பது? அரை மணி தாமதம் என்றால் ஒரு போன் போட்டால் முடிந்தது. அங்கே இருப்பவரின் நிலைமை மோசமாகிறது என்றால் வேறு விஷயம், அதை டாக்டர்கள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2011 டிசம்பர் 26 அன்று, விடிவதற்கு முன்னால், ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து இதயம் எடுக்கக் கிளம்பிய ஹெலிகாப்டர் பாலட்கா பக்கம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். சர்ஜன், டெக்னீஷியன், பைலட். அதுவும் போகிற வழியில்! இருட்டு, தாழ இறங்கிய மேகம், அதோடு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பைலட் தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் என்று விசாரணையில் எழுதினார்கள். அதற்கு முன்னால் 2007 ஜூன் 4-இல், மில்வாக்கியிலிருந்து நுரையீரலோடு கிளம்பிய மிச்சிகன் பல்கலைக்கழக டீமின் விமானம், ஏறிய சில நிமிஷங்களில் ஏரியில் விழுந்தது. ஆறு பேர்.

அந்த நாட்டு மருத்துவ விமானங்களில், நோயாளியின் நிலைமையைப் பைலட்டிடம் சொல்லாமல் வைக்கிற வழக்கம் உண்டாம். வானிலையை மட்டும் பார்த்துவிட்டு முடியும், முடியாது என்று அவர் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு. நீயும் டிரைவரிடம் "அண்ணே, அங்கே சின்னப் பையன் காத்துக்கிட்டு இருக்கான்" என்று ஆரம்பிக்காதே. அதைக் கேட்ட பிறகு எந்த டிரைவருக்கும் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பாது.

நம் ஊரில் ஹிதேந்திரனை மறக்க முடியுமா? 2008-இல் சென்னையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த அந்தப் பையனின் தானம் கொடுத்த இதயம் 11 நிமிஷத்தில் முகப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததை ஊரே பேசியது. எங்கள் டெப்போவிலும் அதே பேச்சுதான். எல்லோரும் ஓட்டியவரைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால், பாதிப் பெருமை சிக்னல் சிக்னலாக நின்று வழியைக் காலி பண்ணிய போலீஸ்காரர்களுக்கு. வழி காலியாக இருந்தால் வேகம் தானாக வரும். வழி இல்லாத இடத்தில் ஓட்டுவது வெறும் துணிச்சல். அதனால் போலீசுக்கு முன்கூட்டியே தகவல் போயிற்றா என்று கிளம்பும் முன் கேள்.

டயரையும் பார்க்கச் சொல். 2023 நவம்பரில் புனேயிலிருந்து சென்னைக்கு நுரையீரல் கொண்டுவரக் கிளம்பிய ஆம்புலன்ஸ், ஏர்போர்ட் போகும் வழியில் டயர் வெடித்துப் பாலத்தில் மோதியது. டாக்டருக்கே அடி. அப்படியும் வேறு வண்டியில் மாறிப் போய் விமானம் பிடித்து, இங்கே ஆபரேஷனையும் முடித்தார்கள். மாற்று வண்டி இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும்? பின்னால் இன்னொரு வண்டி வருவதை யாராவது வீண் செலவு என்று சொன்னால் இதைச் சொல்.

டிரைவர் பகலில் தூங்கினாரா என்று கூச்சப்படாமல் கேள். ராத்திரி மூன்றிலிருந்து ஐந்து வரை உளுந்தூர்பேட்டை, விக்கிரவாண்டி பக்கம் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் மூடுவதற்கு ரொம்ப முன்பே ஆள் காட்டிக்கொடுத்துவிடுவார். பேச்சுக்குப் பதில் "ம்" மட்டும் வரும். கண்ணாடியை இறக்குவார், பிடரியைத் தேய்ப்பார், வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வரும். அப்போது டீ குடித்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வார். நம்பாதே. வேறு ஆள் மாற வேண்டும். திரும்பும் வழியில் அதற்கு நேரம் இருக்காது. அதனால் கிளம்பும்போதே இரண்டு டிரைவர் வேண்டும்.

பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் பெல்ட் இருக்கிறதா பார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளாதே. ஒரு சடன் பிரேக் அடித்தால் அந்தக் கனம் உங்கள் யார் முகத்திலாவதுதான் வந்து விழும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சீனியர் டாக்டர் அவசரப்படுத்தினாலும், வேண்டாம் என்று உனக்குப் பட்டால் வேண்டாம் என்று சொல். ஜூனியர் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு ஏறாதே.

இன்னொன்று. இப்படிப் போகும்போது ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் யார் யாருக்கு உண்டு என்று ஹெச்.ஆர். ஆபீசில் எழுத்தில் வாங்கு. டாக்டர்களுக்கு மட்டுமா, கூட வரும் டெக்னீஷியன் தம்பிக்கும் வாடகை வண்டி டிரைவருக்கும் சேர்த்தா? அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா